எடிஸ்டோன் விளக்குக்கு என்னோடு கல் அடுக்கியவர்களுக்கு

ஞாயிற்றுக்கிழமை எங்கள் ஊர் நூலகத்தில் எடிஸ்டோன் கலங்கரை விளக்கத்தைப் பற்றிப் பேசினேன். கடைசியில் நன்றி சொல்லப் போன நேரம் பார்த்து மைக் படுத்துவிட்டது, அதனால் இங்கே.

முதலில் ஆசாரி அண்ணனுக்கு. இங்கிலாந்தில் பிளிமத் கரையிலிருந்து 20 கிலோமீட்டருக்கு மேல் தள்ளி, கடல் ஏறினால் மூழ்கிவிடும் பாறை, அதில் முதலில் கட்டிய விளக்கை 1703 புயல் கட்டியவரோடு சேர்த்து வாரிக்கொண்டு போனது, அடுத்தது 1755-இல் எரிந்தே போனது, அப்புறம்தான் பொறியாளர் ஜான் ஸ்மீட்டன் முழுக்கக் கல்லில் கட்டினார் என்று நான் கதை அளந்துகொண்டிருக்க, அவர் கேட்டது ஒன்றுதான்: "கல்லுக்கும் கல்லுக்கும் என்ன பூட்டு?" படத்தைக் காட்டினேன். ஒரு கல்லின் முனை புறா வால் மாதிரி விரிந்து பக்கத்துக் கல்லின் பள்ளத்தில் போய் உட்காரும், அலை வந்து ஒரு கல்லை மட்டும் பக்கவாட்டில் உருவிவிட முடியாது. "பெட்டி மூலைக்கு நாங்க போடுறதுதானே" என்றவர் பழைய தேக்குத் துண்டுகளில் ஒரு வரிசையையே வெட்டிக் கொடுத்தார். ஒட்டுமுன் பட்டறைத் தரையில் சாக்பீஸால் எண் போட்டு அடுக்கிப் பார்த்தார். ஸ்மீட்டனும் கரையில் ஒவ்வொரு வரிசையாக அடுக்கிச் சரிபார்த்த பிறகுதான் படகில் ஏற்றினார் என்றேன். "பின்னே, நடுக்கடல்லயா உளி பிடிப்பான்?"

கொத்தனார் பெரியவருக்கு நான் பட்ட கடன் தனி. தண்ணீருக்கடியிலும் இறுகும் சாந்தைத் தேடிய ஸ்மீட்டன், சுண்ணாம்புக் கற்களை அமிலத்தில் கரைத்துப் பார்த்து, கல்லில் களிமண் கலந்திருப்பதில்தான் சூட்சுமம் என்று பிடித்தார். வேல்ஸ் சுண்ணாம்பையும் இத்தாலி எரிமலை மண்ணையும் சரிபாதி சேர்த்தார். இதைப் படித்துக் காட்டியதும் பெரியவர், "வெறும் கிளிஞ்சல் சுண்ணாம்பு தண்ணியில நிக்காது, சுர்க்கி போடணும்" என்று, செங்கல் பொடி போடாமல் ஒன்று, போட்டு ஒன்று என இரண்டு உருண்டை பிடித்து வாளித் தண்ணீரில் போட்டுவிட்டுப் போய்விட்டார். மூன்று வாரம் கழித்துக் கையை விட்டால் ஒன்று கஞ்சி, செங்கல் பொடி போட்டது கல். முப்பது வருடமாக நான் படித்து வந்த விஷயம், அன்றுதான் விரலுக்குப் புரிந்தது.

பிளிமத்தில் படிக்கும் தங்கை மகனுக்கும் நன்றி. கோபுரம் திடமாக இருந்தும் அடியில் பாறையை அலை அரித்ததால் 1882-இல் பக்கத்திலேயே வேறு விளக்கு வந்தது, ஸ்மீட்டனுடையதன் மேல்பாதியைக் கழற்றிக் கரையில் ஹோ மேட்டில் நிறுத்தினார்கள். அதில் ஏறிப் படம் எடுத்து அனுப்பினான். அடிப்பாதி இன்னும் கடலில்தான் நிற்கிறது.

அப்புறம் 24 மெழுகுவர்த்தி கொண்டுவந்த ஏழாம் வகுப்புப் பையன். 1759 அக்டோபர் 16 அன்று அங்கே ஏற்றியது அத்தனைதான் என்று சொன்னதும், மின்விசிறியை நிறுத்தி, ட்யூப்லைட்டை அணைத்து, ஒவ்வொன்றாக அவனே ஏற்றினான். பின்வரிசைப் பாட்டி ஒருவர் கண்ணைச் சுருக்கிப் பார்த்துவிட்டு, "இவ்வளவுதானா? இதை நம்பியா கப்பல் ஓட்டுனாங்க?" என்றார்.

பாட்டி, உங்களுக்கும் நன்றி. பதில் இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.