ஓட்டுப்பெட்டி கிளைக் கழகம் வரை வரட்டும்

அனைத்திந்திய அண்ணா திராவிட முன்னேற்றக் கழகத்தின் பொதுக்குழு உறுப்பினர்களுக்கு,

வணக்கம். நான் உங்கள் கட்சிக்காரன் இல்லை. எந்தக் கட்சியின் உறுப்பினர் அட்டையும் என்னிடம் கிடையாது. தேர்தலுக்குத் தேர்தல் ஓட்டுப் போடுகிற ஆள், அவ்வளவுதான். "எங்க கட்சித் தலைமையை நாங்க பார்த்துக்கிறோம், உனக்கென்ன?" என்று நீங்கள் கேட்டால் அதில் நியாயம் இருக்கிறது. ஆனால் உங்கள் கட்சிக்குத் தலைமை ஏற்பவர் இந்த மாநிலத்தின் முதல்வர் நாற்காலியில் உட்காருகிறார், அல்லது அதற்குப் போட்டியிடுகிறார். அவர் பெயரைச் சொல்லிக்கொண்டு கடைசியில் என் வாசலுக்குத்தான் வரப்போகிறீர்கள். அந்தப் பெயர் எப்படி வந்தது என்று கேட்க எனக்கும் கொஞ்சம் உரிமை உண்டு.

ஏன் உங்களை மட்டும் கேட்கிறேன் என்றால், எழுதி வைத்திருப்பது நீங்கள். தி.மு.க.வில் தலைவரைப் பொதுக்குழு தேர்ந்தெடுக்கிறது. 2018 ஆகஸ்ட் 28-லும் 2022 அக்டோபர் 9-லும் மு.க.ஸ்டாலின் போட்டியின்றித் தேர்வானது அப்படித்தான். கிளை உறுப்பினருக்கு அங்கே நேரடி ஓட்டு உண்டு என்று யாரும் சொல்லவில்லை. ஏன் தரவில்லை என்று அவர்களைக் கேட்கலாம், கேட்கவும் வேண்டும். சொன்னதை ஏன் செய்யவில்லை என்று கேட்க வேண்டிய இடம் உங்களுடையது.

1972 அக்டோபர் 17-ல் எம்.ஜி.ஆர். தொடங்கிய கட்சி இது. கணக்குக் கேட்டதற்காகத் தி.மு.க.விலிருந்து வெளியேற்றப்பட்டவர் அவர். மேல்மட்டத்தில் இருப்பவர்கள் கூடிப் பேசி ஒருவரை வெளியே அனுப்பிவிட முடியும் என்பதைத் தன் உடம்பிலேயே உணர்ந்த மனிதர், தன் கட்சியில் அந்த அதிகாரத்தைக் கீழே இறக்கி வைக்க நினைத்திருப்பார் என்பது என் ஊகம். ஊகம் எப்படியோ, விதி தெளிவாக இருக்கிறது. 20-ஆம் விதியின் 2-ஆம் உட்பிரிவு, பொதுச்செயலாளரை அடிப்படை உறுப்பினர்கள் தேர்ந்தெடுக்க வேண்டும் என்கிறது. 43-ஆம் விதி இன்னும் ஒரு படி மேலே போனது. பொதுக்குழுவாகிய நீங்கள் எந்த விதியையும் சேர்க்கலாம், திருத்தலாம், நீக்கலாம். இந்த ஒன்றில் மட்டும் கை வைக்கக் கூடாது, இது கட்சியின் அடிப்படை என்றது. தன் பொதுக்குழுவையே கொஞ்சம் சந்தேகத்தோடு பார்த்த விதி அது.

சரி, அந்த விதி எத்தனை முறை ஓட்டுப்பெட்டியைப் பார்த்திருக்கிறது? ஜெயலலிதா 2014 ஆகஸ்டில் ஏழாவது முறையாகப் பொதுச்செயலாளர் ஆனபோதும் போட்டியின்றித்தான் ஆனார். அவரை எதிர்த்து யார் நிற்பார் என்று நீங்கள் சிரிக்கலாம். உண்மைதான், பெட்டி வைத்திருந்தாலும் முடிவு மாறியிருக்காது. பெட்டியே வைக்காமல் பழகியதன் விலை அவர் இருந்தவரை தெரியவில்லை. 2016 டிசம்பர் 5-க்கு அப்புறம்தான் தெரிந்தது.

அந்த மாதம் 29-ஆம் தேதி பொதுக்குழு கூடி வி.கே.சசிகலாவைத் தற்காலிகப் பொதுச்செயலாளர் ஆக்கியது. 2017 செப்டம்பர் 12-ல் அதே பொதுக்குழு அதை ரத்து செய்து, ஜெயலலிதாவே நிரந்தரப் பொதுச்செயலாளர் என்று அறிவித்து, ஒருங்கிணைப்பாளர், இணை ஒருங்கிணைப்பாளர் என்று இரண்டு பதவிகளை உண்டாக்கியது. 2021 டிசம்பரில் அந்த இரண்டு பதவிகளுக்கும் சேர்த்து ஒரே ஓட்டு என்று விதி திருத்தப்பட்டது. அதாவது ஒருங்கிணைப்பாளர் ஓ.பன்னீர்செல்வத்தைப் பிடிக்கும், இணை ஒருங்கிணைப்பாளர் எடப்பாடி பழனிசாமியைப் பிடிக்காது என்கிற தொண்டருக்கும், அதையே மாற்றிச் சொல்கிற தொண்டருக்கும் வழியில்லாத ஓட்டு. அந்த ஓட்டும் நடக்கவில்லை. வேட்புமனு வாங்கப் போனவர்களை உள்ளே விடவில்லை என்று புகார் எழுந்தது. இருவரும் போட்டியின்றித் தேர்வானதாக அறிவிப்பு வந்தது. ஏழே மாதத்தில், 2022 ஜூலை 11-ல், வானகரத்தில் கூடிய பொதுக்குழு இரண்டு பதவிகளையும் எடுத்துவிட்டுப் பழையபடி பொதுச்செயலாளர் பதவியைக் கொண்டுவந்தது.

அப்புறம் நடந்ததெல்லாம் நீதிமன்றத்தில். உயர் நீதிமன்றத் தனி நீதிபதி ஒன்று சொல்ல, இரண்டு நீதிபதிகள் அமர்வு அதை மாற்ற, 2023 பிப்ரவரி 23-ல் உச்ச நீதிமன்றம் அந்தப் பொதுக்குழு செல்லும் என்றது. மார்ச் 17-ல் பொதுச்செயலாளர் தேர்தல் அறிவிப்பு. 18, 19 இரண்டு நாள் வேட்புமனு. 26-ல் வாக்குப்பதிவு என்று தேதியும் குறித்திருந்தீர்கள். மனு போட்டவர் ஒருவர்தான். 28-ஆம் தேதி எடப்பாடி பழனிசாமி போட்டியின்றித் தேர்வு. 2016 டிசம்பரில் தொடங்கிய குழப்பம் முடிய ஆறு ஆண்டுக்கு மேல் ஆனது. அத்தனை காலத்தில் இந்தப் பதவிகளுக்காக ஒரு அடிப்படை உறுப்பினர்கூடச் சீட்டை மடித்துப் பெட்டியில் போடவில்லை.

அவர் வந்தது சரியா தவறா என்று பேச நான் வரவில்லை. தேர்தல் நடந்திருந்தாலும் அவரே பெரிய வித்தியாசத்தில் ஜெயித்திருக்கலாம். அப்படியென்றால் எதற்குப் பயம்?

மனு போடும் தகுதியைப் பாருங்கள். பத்து மாவட்டச் செயலாளர்கள் முன்மொழிய வேண்டும், இன்னும் பத்துப் பேர் வழிமொழிய வேண்டும், ஐந்து ஆண்டு தலைமைக் கழகப் பொறுப்பில் இருந்திருக்க வேண்டும். உங்கள் ஊரில் ஒரு கிளைச் செயலாளரை எடுத்துக்கொள்ளுங்கள். மாநாடு என்றால் வேன் பிடிப்பவர், கொடிக்கம்பத்துக்கு வண்ணம் அடிப்பவர், தேர்தல் வந்தால் சுவர் பிடித்து வைப்பவர். அவர் நிற்க முடியாது, அது போகட்டும். அவருக்குப் பிடித்த ஒரு முன்னாள் அமைச்சர் நிற்கவேண்டும் என்றாலும் இருபது "மாவட்ட"த்தின் கையெழுத்து வேண்டும். (கட்சிக்காரர்கள் ஆளையே "மாவட்டம்", "ஒன்றியம்" என்று கூப்பிடுவது எனக்கு எப்போதும் வேடிக்கையாக இருக்கும். மாவட்டம் சாப்பிட்டுவிட்டது, ஒன்றியம் காரில் காத்திருக்கிறது!) அந்த இருபது பேரின் பதவியும் தலைமையின் கையில் இருக்கிறது. தலைமை நினைத்தால் ஒரே அறிக்கையில் பொறுப்பிலிருந்து விடுவித்துவிடலாம். அப்படிப்பட்டவர் தலைமைக்கு எதிராக நிற்கும் ஒருவரின் மனுவில் எந்தத் துணிச்சலில் கையெழுத்துப் போடுவார்? அடிப்படை உறுப்பினருக்கு ஓட்டுரிமை இருக்கிறது, ஓட்டுப் போட இரண்டாவது பெயர் வரவிடாமல் வாசலிலேயே தடுப்பும் இருக்கிறது.

காங்கிரஸ் தலைவர் தேர்தலுக்கு மனு போடப் பத்துப் பிரதிநிதிகளின் கையெழுத்துப் போதும். 2022 அக்டோபர் 17-ல், உங்கள் கட்சி ஐம்பது ஆண்டு முடித்த அதே நாளில், அங்கே நிஜமாகவே வாக்குப்பதிவு நடந்தது. மல்லிகார்ஜுன கார்கே 7,897, சசி தரூர் 1,072. அதுவும் தொண்டர்கள் போட்ட ஓட்டு இல்லை, ஒன்பதாயிரத்துச் சொச்சம் மாநிலப் பிரதிநிதிகள் போட்டது. யார் பக்கம் மேலிடம் இருந்தது என்பது ஊருக்கே தெரியும். இருந்தாலும் தோற்றவருக்கு ஆயிரம் ஓட்டு விழுந்தது என்ற ஒரு எண் பதிவாகியிருக்கிறது. கட்சிக்குள் எத்தனை பேர் வேறு மாதிரி நினைக்கிறார்கள் என்று தலைமைக்கே தெரிய வேறு வழி ஏது?

ஒன்றரைக் கோடி உறுப்பினர்களுக்கு எங்கே தேர்தல் நடத்துவது என்று கேட்பீர்கள். ஒன்றரைக் கோடி என்பது நீங்கள் மேடைக்கு மேடை சொல்லிவந்த கணக்கு, நானும் அதையே வைத்துக்கொள்கிறேன். 2024 மக்களவைத் தேர்தலில் தமிழ்நாட்டில் 68,000-க்கும் மேற்பட்ட வாக்குச்சாவடிகள் இருந்தன. வகுத்துப் பார்த்தால் ஒரு பூத்துக்கு 220 பேர் வருவார்கள். ஒரு கல்யாண வீட்டுப் பந்தியை விடக் கொஞ்சம் பெரிய கூட்டம். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை போதும்.

நடத்தத் தெரிந்த ஆளும் உங்களிடம் இருக்கிறார்கள். வாக்குப்பதிவு நாளில் உங்கள் பூத் ஏஜென்ட் உட்கார்ந்திருப்பதை நான் பார்த்திருக்கிறேன். காலை ஏழு மணிக்கு முன்பே ஆஜர். கையில் பாகம் வாரியாகப் பட்டியல், ஒரு ஸ்கேல், சிவப்புப் பேனா. பெயரைக் கூப்பிடுவதற்குள் வரிசை எண்ணைச் சொல்கிறார். யார் செத்துப்போனார், யார் திருப்பூருக்கு வேலைக்குப் போய்விட்டார், எந்த வீட்டுப் பெண் கல்யாணமாகி வேறு ஊருக்குப் போய்விட்டாள் என்பதெல்லாம் பட்டியலைப் பார்க்காமலே தெரிகிறது. சாயங்காலம், பூத்தில் பதிவான ஓட்டுக் கணக்கான 17சி படிவத்தில் கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டுதான் எழுந்திருக்கிறார். நாட்டின் தேர்தலில் ஒரு கள்ள ஓட்டைக்கூட விடாமல் பிடிக்கிற இந்த மனிதரிடம், உன் கட்சிக்கு யார் தலைமை என்று ஒரு தடவைகூடக் கேட்டதில்லை.

உண்மையான சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது, பட்டியலில். யார் உறுப்பினர்? எல்லாக் கட்சியிலும் உறுப்பினர் சேர்க்கை என்றால் படிவக் கட்டுகள் வருகின்றன. ஊரில் கை வலுத்தவர் ஒருவர் மொத்தமாகப் பணம் கட்டி, வாக்காளர் பட்டியலைப் பார்த்தே பெயர்களை எழுதி அனுப்பிவிடுகிறார். அட்டை வந்ததே தெரியாத உறுப்பினர்கள் இருக்கிறார்கள். இந்தப் பட்டியலை வைத்துத் தேர்தல் நடத்தினால் படிவக் கட்டு யாரிடம் அதிகமோ அவர் ஜெயிப்பார். 2022-ல் காங்கிரஸிலும் வாக்காளர் பட்டியல் பற்றித்தான் முதல் சண்டை வந்தது. பட்டியலைக் காட்டுங்கள் என்று அந்தக் கட்சியின் எம்.பி.க்களே தேர்தல் பொறுப்பாளருக்குக் கடிதம் எழுதினார்கள். கையில் கிடைத்த பட்டியலில் பல பேருக்குத் தொடர்பு விவரம் இல்லை என்றார் தரூர். கடலுக்கு அந்தப் பக்கமும் இதே கதைதான். இலங்கைத் தமிழரசுக் கட்சியின் தலைவர் தேர்தல் 2024 ஜனவரி 21-ல் திருகோணமலையில் நடந்தது. சிவஞானம் சிறீதரன் 184, எம்.ஏ.சுமந்திரன் 137. ஒளிவுமறைவில்லாத போட்டி, எண்ணிச் சொன்ன முடிவு. ஆனால் கூட்டமே கட்சி யாப்பின்படி நடக்கவில்லை என்று வழக்குப் போட்டார்கள், தேசிய மாநாடு நீதிமன்றத் தடையில் நின்றது. பெட்டி வைத்தால் மட்டும் போதாது. ஓட்டுப் போடத் தகுதியுள்ளவர் யார் என்ற பட்டியல் முன்கூட்டியே சுவரில் ஒட்டியிருக்க வேண்டும், ஆட்சேபம் சொல்ல நாள் கொடுத்திருக்க வேண்டும்.

தொண்டன் உணர்ச்சிவசப்பட்டவன், தவறாகத் தேர்ந்தெடுத்துவிடுவான் என்ற பேச்சும் உண்டு. தவறு நடக்கும், இல்லையென்று சொல்லமாட்டேன். 2022-ல் பிரிட்டன் கன்சர்வேடிவ் கட்சி உறுப்பினர்கள் ரிஷி சுனக்குக்கு 60,399 ஓட்டும் லிஸ் டிரஸ்ஸுக்கு 81,326 ஓட்டும் போட்டார்கள். ஐம்பது நாள் முடிவதற்குள் டிரஸ் பிரதமர் பதவியை விட்டுப் போனார். அடுத்த தடவை உறுப்பினர்களைக் கேட்காமலே சுனக்கைக் கொண்டுவந்தார்கள். அதைக் காட்டி உறுப்பினர் ஓட்டே ஆபத்து என்று வாதிடுகிறவர்கள் அங்கேயும் உண்டு. ஆனால் அந்த இரண்டு பெயர்களை வடிகட்டிக் கொடுத்தது எம்.பி.க்கள். 2024-ல் மறுபடியும் உறுப்பினர் ஓட்டுக்கே போய்க் கெமி பேடனாக்கைத் தேர்ந்தெடுத்தார்கள். ஒரு தவறான தேர்வுக்காகத் தேர்தலையே நிறுத்தலாம் என்றால், நாட்டில் முதலில் நிறுத்த வேண்டியது சட்டமன்றத் தேர்தலைத்தான்.

இதில் உங்களுக்கே தெரிந்த ஒரு நஷ்டக் கணக்கும் இருக்கிறது. எம்.ஜி.ஆர். மறைந்தபின் யார் கட்சி என்ற கேள்விக்குக் கட்சிக்குள்ளே விடை கிடைக்காமல், இரட்டை இலை முடங்கி, 1989 தேர்தலில் ஜெயலலிதா அணி சேவலிலும் ஜானகி அணி இரட்டைப் புறாவிலும் நின்றன. தலைமை யார் என்பதை அன்றைக்கு முடிவு செய்தது பொது வாக்காளர்கள், தி.மு.க.வை ஆட்சியில் உட்கார வைத்துவிட்டு! 2017 மார்ச்சில் ஆர்.கே.நகர் இடைத்தேர்தல் நேரத்தில் இலை மறுபடி முடங்கியது, திரும்பி வர நவம்பர் ஆனது. எண்ணிய ஓட்டு என்று ஒன்று கட்சிக்குள் இல்லாததால் ஒவ்வொரு தடவையும் தேர்தல் ஆணையமும் நீதிமன்றமும்தான் உங்கள் பொதுக்குழுவின் தலைகளை எண்ணிக்கொண்டிருந்தன. அடுத்த சண்டை எப்போது வரும் என்று எனக்குத் தெரியாது. வரும் என்பது கட்சி வரலாறு தெரிந்த உங்களுக்குத் தெரியும்.

ஆணையமோ அரசோ இதைச் செய்ய வைக்கும் என்று காத்திருக்கவும் முடியாது. உள்கட்சித் தேர்தல் நடத்தினோம் என்று கடிதம் கொடுத்தால் ஆணையம் வாங்கிக் கோப்பில் வைத்துக்கொள்ளும். விதியை மீறியதற்காகக் கட்சியின் பதிவை ரத்து செய்யும் அதிகாரம் பொதுவாக அதற்குக் கிடையாது என்று உச்ச நீதிமன்றம் 2002-லேயே சொல்லிவிட்டது.

ஆகவே உங்களிடமே கேட்கிறேன். அடுத்த பொதுச்செயலாளர் தேர்தலுக்கு முன்னால் மாவட்டச் செயலாளர் கையெழுத்து நிபந்தனையை எடுத்துவிட்டு, இத்தனை ஒன்றியங்களில் இத்தனை அடிப்படை உறுப்பினர்களின் ஆதரவு என்று மாற்றுங்கள். உறுப்பினர் பட்டியலைக் கிளை வாரியாக வெளியிடுங்கள். மனு போட இரண்டு நாள் போதாது, ஒரு மாதமாவது கொடுங்கள். அப்புறம் போட்டி இருந்தாலும் இல்லாவிட்டாலும் பெட்டியை வையுங்கள். ஒரே ஒருவர் நின்றால் வேண்டும், வேண்டாம் என்று கேளுங்கள்.

தலைமை இதையெல்லாம் தானாகக் கொண்டுவரும் என்று நானும் எதிர்பார்க்கவில்லை. 2022 வழக்குகளில் அடிபட்ட இன்னொரு விதி உங்களுக்கு நினைவிருக்கும்: பொதுக்குழு உறுப்பினர்களில் ஐந்தில் ஒரு பங்குப் பேர் எழுதிக் கேட்டால் சிறப்புக் கூட்டத்தைக் கூட்டியாக வேண்டும். நீங்கள் சுமார் 2,600 பேர் இருக்கிறீர்கள். ஏறத்தாழ 520 கையெழுத்துப் போதும்.

இப்படிக்கு,
ஒரு வாக்காளன்