ஈய வீரர்களுக்கும் ஒரு வரி ஒதுக்கியிருக்கலாம்

ஆசிரியர் அவர்களுக்கு,

கேம்ஸ் வேர்க்ஷொப் கம்பனி 2024 டிசம்பரில் லண்டன் பங்குச் சந்தையின் முதல் 100 கம்பனிகளுக்குள் நுழைந்தது பற்றி உங்கள் வணிகப் பக்கத்தில் படித்தேன். 'பிளாஸ்டிக் பொம்மை விற்கும் கம்பனி' என்று ஒரே வரியில் தாண்டிவிட்டீர்கள். அந்தக் கம்பனி இருக்கும் நொட்டிங்ஹாமிலேயே வளர்ந்த எனக்கு அதுதான் உறுத்தியது.

1987இல் எனக்குப் பதின்மூன்று வயது. விடிகாலையில் வீடு வீடாகப் பேப்பர் போட்டுச் சேர்த்த காசில் 'வார்ஹாமர் 40,000' என்ற மேசைப் போர் விளையாட்டுக்கான விண்வெளி வீரர் பொம்மைப் பெட்டி வாங்கினேன். 9.99 பவுணுக்கு முப்பது பேர். கிளி மூக்குத் தலைக்கவசம். இன்று பத்துப் பேருக்கே 35 பவுணுக்கு மேல் போகிறது. சரி, அந்த முப்பது பேரும் பிளாஸ்டிக்தான். ஆனால் அவர்களுக்குத் தளபதி வேண்டுமென்றால் ஈயக் கலவையில் வார்த்தவரைத் தனியாக வாங்க வேண்டும்.

அந்தக் காலத்தில் சிற்பி மஞ்சளும் நீலமுமான பசைகளைப் பிசைந்து, அந்தப் பச்சை மாவில் ஓர் அங்குலத்துக்குச் சற்றுக் கூடுதலான உருவத்தைக் கையால் செய்வார். அதை வைத்து ரப்பர் அச்செடுத்து, அச்சைச் சுழலவிட்டு உருகிய உலோகத்தை ஊற்றுவார்கள். என் தளபதிக்கு ஒரு கண் பெரிது, மற்றது சிறிது. இன்று கணினியில் வடிவமைக்கும் முகங்களில் அப்படி ஒரு பிசகைக் காண முடியாது. எனக்கென்னவோ பழைய முகம்தான் பிடிக்கிறது.

1970களின் கடைசியில் பக்கத்து ஊரான நியூவார்க்கில் சிட்டடெல் என்ற பொம்மை வார்ப்புக் கம்பனியைத் தொடங்கியவர் பிரையன் அன்செல். பிறகு கேம்ஸ் வேர்க்ஷொப்பையே நடத்தியவரும் அவர்தான். 2023 டிசம்பரில் காலமானார். உங்கள் கட்டுரையில் அவர் பெயர் இல்லை. இந்த வட்டாரத்தில் சின்னச் சின்ன வார்ப்புக் கம்பனிகள் இன்றும் இருக்கின்றன. 'லெட் பெல்ட்', அதாவது 'ஈய வட்டாரம்', என்பது இந்தப் பகுதியின் பட்டப்பெயர்.

3டி பிரிண்டர் வந்து எல்லாம் கெட்டது என்று புலம்பும் நண்பர்கள் எனக்கும் உண்டு. நான் அந்தக் கட்சியில் இல்லை. போன மாதம் தளபதியின் கை முறிந்தது. மகள் தன் அறையிலுள்ள 3டி பிரிண்டரில், ரெசின் என்ற பிசினில் ஒரு கை அச்சடித்துத் தந்தாள். கையால் செய்த தொழில் சுற்றிச் சுற்றி வீட்டு அறைக்கே வந்திருக்கிறது, அவ்வளவுதான்.

பரணில் பழைய ஈய உருவங்கள் வைத்திருக்கும் வாசகர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். அவற்றை ஓக் மர அலுமாரியில் வைக்காதீர்கள். மரத்திலிருந்து கசியும் அமில ஆவி பட்டு ஈயம் வெள்ளைப் பொடியாக உதிரும். என்னுடையதில் நான்கு பேர் அப்படிப் போனார்கள். பழைய பெயின்டை எடுக்க டெட்டோலில் ஊறவையுங்கள். தேய்த்த பிறகு உடனே தண்ணீரில் கழுவினால் பிசுபிசுவென்று ஒட்டிக்கொள்ளும், முதலில் டெட்டோலிலேயே அலசுங்கள். வீடு இரண்டு நாள் ஆஸ்பத்திரி போல மணக்கும். மனைவியிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
நொட்டிங்ஹாம்