25.5 அளப்பது வருமானத்தை அல்ல, செலவை

ஆசிரியர் அவர்களுக்கு,

சமத்துவத்தில் இந்தியா உலகில் நான்காவது இடம் என்ற செய்தியை வைத்து, சந்தைப் பொருளாதாரம் ஏற்றத்தாழ்வைக் குறைத்துவிட்டது என்று உங்கள் தலையங்கம் முடிவு கட்டியிருக்கிறது. உலக வங்கி தந்த 25.5 என்ற கினிக் குறியீடு (எல்லோருக்கும் சமமாக இருந்தால் 0, எல்லாம் ஒருவரிடமே இருந்தால் 100) உண்மையான எண்தான். ஆனால் அது வீட்டுச் செலவை அளந்த எண். வருமானத்தை அளந்தது அல்ல.

மாதம் 20,000 ரூபாய் வருகிற வீட்டில் வாடகை, மளிகை, பஸ், பள்ளிக் கட்டணம் என்று 19,000 கரைந்துவிடும். 5 லட்சம் வருகிற வீட்டில் எவ்வளவு தாராளமாகச் செலவழித்தாலும் ஒன்றரை லட்சத்தில் மாதம் ஓடிவிடும். வருமானத்தில் இடைவெளி 25 மடங்கு, செலவில் 8 மடங்குகூட இல்லை. மிச்சம் மூன்றரை லட்சம் மனைக்கும் பங்குக்கும் மியூச்சுவல் ஃபண்டுக்கும் போகிறது. நுகர்வுக் கணக்கெடுப்பில் இவை செலவாகவே சேராது. அந்தச் சொத்து அடுத்த ஆண்டு வாடகையாகவும் டிவிடெண்டாகவும் திரும்பி வந்து இடைவெளியை இன்னும் அகலமாக்கும். 25.5இல் அது எதுவும் தெரியாது.

நமக்கு முன்னால் நிற்கும் ஸ்லோவாகியா (24.1), ஸ்லோவேனியா (24.3), பின்னால் நிற்கும் அமெரிக்கா (41.8) ஆகிய மூன்றின் எண்களும் வருமானத்தை வைத்துக் கணக்கிட்டவை. செலவை அளந்த நாட்டையும் வருமானத்தை அளந்த நாட்டையும் ஒரே வரிசையில் நிறுத்தக் கூடாது. 25.5ஐச் சொன்ன அதே ஏப்ரல் 2025 குறிப்பில், தரவுக் குறைகளால் ஏற்றத்தாழ்வு குறைத்துக் காட்டப்பட்டிருக்கலாம் என்று உலக வங்கியே எழுதியிருக்கிறது. வருமான அடிப்படையில் கினி 2004இல் 52 ஆக இருந்து 2023இல் 62 ஆக ஏறியது என்ற உலக ஏற்றத்தாழ்வுத் தரவுத்தளத்தின் கணக்கையும் தந்திருக்கிறது. தலையங்கத்தில் அந்த வரிகளைக் காணவில்லை.

செலவுக் கணக்காவது முழுமையா? 25.5க்கு அடிப்படையான 2022-23 வீட்டுச் செலவுக் கணக்கெடுப்பில் 2,61,746 வீடுகளில் விசாரித்தார்கள். நகரங்களில் உச்சியில் இருக்கும் 5 சதவீதத்தினரின் மாதச் செலவு தலைக்குச் சராசரியாக 20,824 ரூபாய் என்று வந்தது. நாலு பேர் உள்ள வீட்டுக்கு 83,000 சொச்சம். மும்பை, பெங்களூரு, சென்னை மூன்றையும் உள்ளடக்கிய நகர இந்தியாவின் உச்சி இவ்வளவுதானா? பெரிய பணக்காரர் வீட்டுக் கதவு கணக்கெடுப்பாளருக்குத் திறப்பதில்லை. இந்த முறை ஒரே வீட்டுக்கு மூன்று தடவை போக வேண்டியிருந்தது. 2011-12இல் ஒரே தடவைதான். ஆகவே கினி 2011-12இன் 28.8லிருந்து 25.5க்கு இறங்கியதை முழுக்க நிஜமான இறக்கமாக எடுத்துக்கொள்ள முடியாது.

விடுபட்டவர்கள் சிலர்தானே என்று விட்டுவிடவும் முடியாது. கணக்கெடுப்பில் வருமானக் கினி 30 என்று வருவதாக வைத்துக்கொள்வோம். தலைக்கணக்கில் ஒன்றுமே இல்லாத ஒரு சிறு கூட்டம் விடுபட்டு, அதன் கையில் மொத்த வருமானத்தில் 20 சதவீதம் இருந்தால், மீதி 80 சதவீதத்தால் 30ஐப் பெருக்கி (24) அதோடு 20ஐக் கூட்ட வேண்டும். 44! வருமான வரிப் புள்ளிவிவரத்தையும் சேர்த்துப் போட்ட கணக்கில், 2022-23இல் மேல்தட்டு 1 சதவீதத்தின் பங்கு 22.6 சதவீதம். 1980களின் தொடக்கத்தில் அது சுமார் 6 சதவீதமாக இருந்தது.

வளர்ச்சியால் பலனில்லை என்று நான் சொல்ல வரவில்லை. நாளொன்றுக்கு 2.15 டாலர் என்ற கோட்டுக்குக் கீழே இருந்தவர்கள் 2011-12இல் 16.2 சதவீதம், 2022-23இல் 2.3 சதவீதம். பெரிய சாதனை அது. ஆனால் ஏழ்மை குறைவதும் இடைவெளி குறைவதும் ஒன்றல்ல. முதலாவதைக் காட்டி இரண்டாவதும் நடந்துவிட்டது என்று எழுதினால், பெரும் பணக்காரர் மீதான சொத்து வரியும் குறைந்தபட்சக் கூலியும் பேச வேண்டிய விஷயங்களே அல்ல என்று ஆகிவிடும்.

குடும்ப வருமானத்துக்கென்றே ஒரு கணக்கெடுப்பைத் தேசியப் புள்ளியியல் அலுவலகம் 2026இல் நடத்தும் என்று அறிவிக்கப்பட்டது. 1960களில் இப்படிச் சோதனை செய்தபோது, மக்கள் சொன்ன வருமானம் அவர்களுடைய செலவையும் சேமிப்பையும் கூட்டிய தொகையைவிடக் குறைவாக வந்ததால் முயற்சி நின்றுபோனது. இம்முறை வசதியானவர்கள் வாழும் வார்டுகளில் கூடுதல் வீடுகளை எடுக்க வேண்டும். விவசாய வருமானத்தில் விதை, உரம், கூலி, டீசலைக் கழித்துப் பதிய வேண்டும். பெயர் நீக்கிய வருமான வரித் தரவோடு ஒப்பிட்டுச் சரிபார்க்கவும் வேண்டும்.

அதுவரை கினி எண்ணை அச்சிடும்போதெல்லாம் பக்கத்திலேயே "செலவு" அல்லது "வருமானம்" என்று ஒரு சொல் போடும்படி கேட்டுக்கொள்கிறேன்.

பொருளியல் ஆசிரியர்,
கும்பகோணம்