மாதர் சங்க ஆண்டறிக்கை: தாய்–சேய் நல ஆய்வு

தலைவி அவர்களே, சங்கத்துச் சகோதரிகளே, வணக்கம்.

மாதாந்தக் கூட்டங்கள், பொங்கல் விழா, பிள்ளைகளுக்குக் கொப்பி கொடுத்தது எல்லாம் வழக்கம்போல் நடந்தன. கணக்கைப் பொருளாளர் வாசிப்பார். நான், பல்கலைக்கழகக் குழுவோடு சேர்ந்து நாம் செய்த தாய்–சேய் நல ஆய்வைப் பற்றித்தான் அதிகம் சொல்லப் போகிறேன்.

1930களில் இலங்கையில் ஒரு லட்சம் பிரசவத்துக்கு 2000க்கு மேற்பட்ட தாய்மார் இறந்த ஆண்டுகள் உண்டு. இன்று அது 30 அளவில் நிற்கிறது. இலவச வைத்தியமும் வீடு தேடி வரும் மிட்வைஃப் மிஸ்மாரும் இல்லாமல் இது நடந்திருக்காது. ஆனால், கொழும்பு மட்டக்குளியில் ஒற்றை அறை வீட்டில் இருக்கும் கர்ப்பிணியின் பாடு நாட்டின் சராசரியில் தெரியாது.

அமெரிக்காவிலும் இப்படித்தான்: வெள்ளையினத் தாய்மாரைவிடக் கறுப்பினத் தாய்மார் ஏறக்குறைய மூன்று மடங்கு அதிகமாக இறக்கிறார்கள். லாஸ் ஏஞ்சலிஸில் லொரெட்டா ஜோன்ஸ் போன்றவர்கள், ஊர் மக்களும் ஆய்வாளர்களும் சரிசமமாக உட்கார்ந்து ஆய்வு செய்யும் முறையை வளர்த்தார்கள். பல்கலைக்கழகக் குழு நம்மிடம் வந்தபோது நாமும் அதையே கேட்டோம்.

அவர்கள் கொண்டுவந்த படிவத்தில், "ஏன் கிளினிக்கைத் தவறவிட்டீர்கள்?" என்று ஒரு கேள்வி. நம் அங்கத்தவர் ஒருவர், "இப்படிக் கேட்டால் யார் மிஸ் உண்மை சொல்லுவா? எங்களில பிழை பிடிக்கிற மாதிரி இருக்கு" என்றார். உடனே அதை, "கிளினிக் நாளில் காலையிலிருந்து என்ன நடக்கும்?" என்று மாற்றினோம். அப்புறம்தான் தாய்மார் வாய் திறந்தார்கள். விடியுமுன் பொதுப் பைப்பில் வரிசை, மூத்த பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்புவது, புறக்கோட்டையில் மூட்டை தூக்கும் நாட்டாமை வேலைக்குப் போகும் கணவருக்குச் சோறு. கிளினிக் போனால் அன்றைய வீட்டுவேலைச் சம்பளம் போய்விடும். கர்ப்பிணிக்கென்று கிடைக்கும் திரிபோஷா சத்துமாவை வீட்டுப் பிள்ளைகள் எல்லோருமே சாப்பிடுகிறார்கள். அதைக் குற்றமாக எழுதக் கூடாது என்று பிடிவாதமாக நின்றோம். பிரசவத்துக்கு மலையகத்தில் ஹட்டனுக்கோ பதுளைக்கோ தாய்வீடு போகிறவர்கள் இங்கே பதிவிலிருந்து நழுவுவதும், கிளினிக்கில் சிங்களத்தில் சொன்னதற்குப் புரியாமலே தலையாட்டி வருவதும் தெரியவந்தன.

முடிவுகளை வெளியே கொடுக்குமுன் தமிழில் நம் கூட்டத்தில் வாசிக்க வேண்டும் என்ற நிபந்தனையைக் குழுவினர் ஏற்றார்கள், அப்படியே செய்தார்கள். அவர்களுக்கு மனமார்ந்த நன்றி.

பின்னேரக் கிளினிக், தமிழ் பேசும் உத்தியோகத்தர், ஊர் மாறும் தாய்மாரின் விபரத்தை அந்தந்த ஊர் மிட்வைஃபுக்கு அறிவிக்கும் ஒழுங்கு ஆகிய மூன்றையும் கேட்டு மாநகர சபைக்கு எழுதிய கடிதம் இன்று கையெழுத்துக்கு வைக்கப்பட்டுள்ளது. இவ்வறிக்கையை இக்கூட்டம் ஏற்றுக்கொள்ளுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

செயலாளர்