கம்பி முடியைப் பற்றி என் மகளுக்கு

செல்லூர், மதுரை.
சித்திரை மாதம்.

அன்புள்ள தாயி,

அழகர் ஆற்றில் இறங்கியதைப் பார்த்துவிட்டு நீயும் மாப்பிள்ளையும் புனேவுக்குத் திரும்பி ஒன்பது நாள் ஆகிறது. நீ படுத்திருந்த அறையைப் பெருக்கும்போது ஜன்னல் ஓரத்தில், கட்டிலுக்கும் சுவருக்கும் இடையில், கொஞ்சம் முடி கிடந்தது. நூல் மில்லில் வேலை பார்த்த காலத்திலிருந்து என்னிடம் இருக்கும் இழை எண்ணும் கண்ணாடியை எடுத்து, ஒரு வெள்ளைத் தாளில் அவற்றை ஒவ்வொன்றாகப் பரப்பிப் பார்த்தேன். மொத்தம் 31 இழைகள் இருந்தன. நான்கில் மட்டுமே வேர்ப்பக்கம் உலர்ந்த சிறு வெள்ளைக் குமிழாக இருந்தது. தன் காலம் முடிந்து தானாக உதிரும் முடிக்கு அப்படித்தான் முனை இருக்கும். மற்ற 27 இழைகளின் அடியில் கறுத்த வேரும், அதைச் சுற்றிக் கண்ணாடிக் குழல் போன்ற ஓர் உறையும் காய்ந்து ஒட்டியிருந்தன. வளர்ந்துகொண்டிருக்கும் முடியைப் பிடுங்கினால்தான் அந்த உறை கூடவே வரும். உன் உச்சியில் இரண்டு ரூபாய் நாணயம் அளவுக்கு முடி மெலிந்திருப்பதைத் தலைக்கு எண்ணெய் வைத்தபோதே கண்டுவிட்டேன். உன் முகத்தைப் பார்த்துக் கேட்க எனக்கு வாய் வரவில்லை. அதனால்தான் இந்தக் கடிதம்.

நீ பதினோராம் வகுப்பில் படித்தபோதும் இப்படித்தான் புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு, ஒரு கையால் தலையைத் தடவித் தடவி, ஏதோ ஓர் இழையைத் தேடி எடுப்பாய். நான் உன் கையைத் தட்டிவிடுவேன். அப்போது நீ, "நல்ல முடியை நான் தொடுவதே இல்லை அம்மா, கம்பி மாதிரி இருப்பதை மட்டும்தான் எடுக்கிறேன்" என்று சொன்னாய். அது சாக்கு என்று நினைத்து இன்னும் இரண்டு வார்த்தை அதிகமாகத் திட்டினேன். அது சாக்கு இல்லை என்பதும், பதில் தேட வேண்டிய ஒரு கேள்வி என்பதும் இந்த 27 இழைகளைப் பார்த்தபோதுதான் எனக்கு விளங்கியது. அவற்றில் பெரும்பாலானவை உண்மையிலேயே கம்பியாகத்தான் இருந்தன. நகத்தால் உருவினால் சில இடங்களில் வழுக்கியும் சில இடங்களில் தட்டியும் வந்தன. உன் விரல் பொய் சொல்லவில்லை, தாயி. நான்தான் அன்றைக்குக் காது கொடுக்கவில்லை.

பாண்டிய மன்னன் ஒருவன் பெண்களின் கூந்தலுக்கு மணம் இயற்கையா செயற்கையா என்று கேட்டு, பதிலுக்குப் பொற்கிழி கட்டித் தொங்கவிட்ட கதை இந்த ஊரில் பிறந்த குழந்தைக்கும் தெரியும். எனக்கோ, ஒரே தலையில், ஒரே எண்ணெயும் ஒரே தண்ணீரும் பட்டு வளரும் முடிகளில் ஒன்று மட்டும் ஏன் முரடாக முளைக்கிறது என்பது தெரிந்தாக வேண்டியிருந்தது. நத்தம் சாலையில் உள்ள கலைஞர் நூற்றாண்டு நூலகத்துக்கு நான்கு நாள் போய் உட்கார்ந்து படித்தேன். புரியாத இடங்களைத் தோல் மருத்துவர் ஒருவரிடம் கேட்டுக்கொண்டேன். படித்ததில் பாதி என் மில் வேலையோடு ஒத்துப்போனது. ஆகவே எனக்குத் தெரிந்த வழியிலேயே உனக்குச் சொல்கிறேன்.

டெஸ்டிங் பிரிவில் கறுப்புப் பலகையில் நூலைச் சுற்றி வைத்துப் பார்ப்போம் என்று உனக்குச் சிறு வயதில் சொல்லியிருக்கிறேன். வெளிச்சத்தில் பிடித்தால் நூலின் தடிப்பும் மெலிவும் முடிச்சும் தெளிவாகத் தெரியும். தடிப்புகள் அங்கொன்றும் இங்கொன்றுமாக வந்தால் பஞ்சைச் சந்தேகப்படுவோம். ஒரே இடைவெளியில் திரும்பத் திரும்ப வந்தால், பஞ்சை இழுத்து நீட்டும் உருளைகளில் ஏதோ ஒன்றில் பள்ளமோ கோணலோ விழுந்திருக்கிறது என்று பொருள். இடைவெளியை அளந்தே எந்த உருளை என்று கண்டுபிடித்துவிடலாம். அந்த நேரத்தில் நூலை அறுத்து எறிந்துகொண்டே இருந்தால் என்ன பயன்? அடுத்து வரும் நூலும் அதே உருளை வழியாகத்தான் வரவேண்டும்.

முடிக்கு அந்த உருளை மயிர்க்கால். வெளியே நாம் தொடும் முடி முழுவதும் உயிரற்ற கெரட்டின் புரதம். அதன் உருவம் தோலுக்கு அடியிலேயே, மயிர்க்காலின் கீழ்ப்பகுதியில், அது இன்னும் மென்மையாக இருக்கும்போதே முடிவாகிவிடுகிறது. வளரும் முடியைச் சுற்றி உள்வேருறை என்று ஓர் உறை உண்டு. நான் தாளில் கண்ட கண்ணாடிக் குழல் அதுதான். முடி இறுகுவதற்கு முன்பே இந்த உறை இறுகிவிடும் என்பதால், உள்ளே இருக்கும் மென்மையான முடி அந்த அச்சின் வடிவத்தையே எடுத்துக்கொள்கிறது. அச்சு வட்டமாக இருந்தால் முடி உருண்டையாகவும் நேராகவும் வருகிறது. அச்சு தட்டையாகவோ, வளைந்தோ, ஒரு பக்கம் அழுந்தியோ இருந்தால் முடியும் அப்படியே வருகிறது. வெளிநாட்டுக் குழந்தைகள் சிலருக்கு எந்தச் சீப்புக்கும் படியாத முடி அரிதாக முளைப்பதுண்டு. அந்த முடியைக் குறுக்கே வெட்டிப் பார்த்தால் முக்கோணமாகவோ சிறுநீரக வடிவிலோ இருக்கும். அதற்குக் காரணமான மூன்று மரபணுக்களை 2016-இல் கண்டுபிடித்தார்கள். அவற்றில் ஒன்று உள்வேருறையில் உள்ள ஒரு புரதத்துக்கு உரியது. மற்ற இரண்டும் அந்தப் புரதத்தை இறுக வைக்கும் நொதிகளுக்கு உரியவை. உனக்கு அந்தக் குறை இல்லை. அச்சில் ஏற்படும் கோளாறு இழையில் எப்படி வெளிப்படும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குக் கிடைக்கவில்லை என்பதற்காகச் சொன்னேன்.

ஏன் ஒன்று மட்டும் என்பதற்கும் விடை இங்கேயே இருக்கிறது. நம் தலையில் ஏறத்தாழ ஒரு லட்சம் மயிர்க்கால்கள் உண்டு. அவை எல்லாம் ஒரே மணியடித்து வேலைக்கு வரும் ஷிப்டு ஆட்கள் அல்ல. ஒவ்வொன்றும் தன் கணக்கில் இரண்டு முதல் ஆறு ஆண்டு வரை முடியை வளர்க்கும், சில வாரம் சுருங்கும், மூன்று மாதம் போல ஓய்வெடுக்கும், பிறகு புதிதாகத் தொடங்கும். அதனால் பக்கத்தில் இருப்பது பட்டு நூல் போல வளர்த்துக்கொண்டிருக்கும்போதே இது மட்டும் முரட்டு இழை ஒன்றைத் தரலாம். ஹார்மோன் மாறும்போது ஒரே மயிர்க்கால் முன்பு தந்ததைவிடப் பருமனான முடியைத் தருவதும் உண்டு. பருமன் கொஞ்சம் கூடினாலே விரலுக்கு அது கம்பியாகத் தெரியும். ஏனென்றால் ஓர் இழையின் விறைப்பு அதன் விட்டத்தின் நான்காம் மடியில் ஏறுகிறது. விட்டம் ஒன்றரை மடங்கானால் விறைப்பு ஐந்து மடங்காகும். இரண்டு மடங்கானால் 16 மடங்காகும். கண்ணுக்கு வேறுபாடே தெரியாத இழையை உன் விரல் எப்படிக் கண்டுபிடிக்கிறது என்று நான் வியந்ததுண்டு. இந்தக் கணக்கைப் படித்த பிறகு அந்த வியப்பு அடங்கிவிட்டது.

நீ விட்டுப்போன இழைகளில் மிக நீளமான ஒன்றைத் தனியாக எடுத்து அளந்தேன். வேரிலிருந்து 8 செ.மீ. தள்ளி அதில் ஒரு மெலிவு இருந்தது. தலைமுடி மாதத்துக்கு ஏறத்தாழ ஒரு செ.மீ. வளர்கிறது. எட்டு மாதம் பின்னால் எண்ணினால் ஆவணி மாதம் வருகிறது. நீ டைஃபாய்டில் பதினைந்து நாள் கிடந்ததும், நான் புனேவுக்கு வந்து உனக்குக் கஞ்சி வைத்துக் கொடுத்ததும் அந்த ஆவணியில்தான். கடுமையான காய்ச்சலின்போது மயிர்க்காலின் வேலை தளர்ந்து முடி மெலிவதும், பிறகு தேறியதும் பழைய பருமனுக்கு வருவதும் மருத்துவர்கள் அறிந்த ஒன்றே. அந்தச் சிறிய மெலிவைக் கண்ணாடியில் பார்த்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். நீ பட்ட பாட்டை உன் முடி எழுதி வைத்திருந்தது. அந்த இழையை மட்டும் தாளில் மடித்துப் பீரோவில் வைத்திருக்கிறேன்.

எல்லா முரடும் வேரிலிருந்து வருவதில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். வேர்ப்பக்கம் வழுவழுப்பாக இருந்து நுனிப்பக்கம் மட்டும் சொரசொரப்பாக இருந்தால், அது வெளியே வந்த பிறகு ஏற்பட்ட சேதம். நம் வீட்டு ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரில் பருப்பு வேகாது, சோப்பு நுரைக்காது. அந்த உப்பு முடியின் மேலும் படிகிறது. ஈரம் காயாத முடியில் சூடான இஸ்திரிக் கருவியை ஓட்டினால் உள்ளிருக்கும் நீர் கொதித்து முடிக்குள்ளேயே குமிழி விடுகிறது. அந்த இடம் தடித்துப் பிறகு ஒடிகிறது. நீ அலுவலகத்துக்குக் கிளம்பும் அவசரத்தில் இதைச் செய்வதைப் பார்த்தேன். முடி முழுக்கக் காய்ந்த பிறகு செய்வதாக இருந்தால் செய், இல்லாவிட்டால் விட்டுவிடு. உனக்கு நரைக்கவும் தொடங்கியிருக்கிறது. நிறம் போன முடி முரடாகத் தோன்றுவது பலருக்கும் நடப்பதே. அம்மாச்சிக்கும் முப்பத்தைந்துக்குள் காதோரம் வெளுத்துவிட்டது, அதற்காகக் கலங்காதே.

இப்போது உன்னிடம் சொல்லியே ஆக வேண்டிய இடத்துக்கு வருகிறேன். கம்பி முடியை எடுத்தால் கம்பி முடி தீர்ந்துவிடும் என்று உன் விரல் நம்புகிறது. நடப்பது அதற்கு நேர்மாறானது. வளரும் முடியைப் பிடுங்கும்போது அதோடு உள்வேருறையும் கிழிந்து வருகிறது, மயிர்க்கால் காயப்படுகிறது. ஒருமுறை நடந்தால் அது தன்னைச் சரிசெய்துகொள்ளும். அதே இடத்தில் ஆண்டுக்கணக்கில் பிடுங்கினால் அச்சே கோணலாகி, அங்கிருந்து வரும் முடியும் கோணலாக வரலாம். இன்னும் தொடர்ந்தால் தழும்பு விழுந்து முடி முளைப்பதே நின்றுபோகலாம். இதற்கு நடுவில் இன்னொன்றும் இருக்கிறது. புதிதாக முளைப்பது குட்டையாக இருப்பதால் அதற்குப் படிந்து கிடக்கும் பாரம் இல்லை. நட்டமாக நிற்கிறது, விரலில் குத்துகிறது. நீ அதையும் கம்பி என்று எடுத்துவிடுகிறாய். பழுதான உருளையைச் சரிசெய்வதாக நினைத்துக்கொண்டு அதன் மீதே சுத்தியலால் அடிப்பதைப் போன்றது இது. உச்சியில் உள்ள அந்த வட்டம் அப்படித்தான் வந்திருக்க வேண்டும் என்று நினைக்கிறேன்.

இதை நீ வேண்டுமென்று செய்யவில்லை என்பது எனக்கு இப்போது தெரியும். முடியைப் பிடுங்கத் தூண்டும் இந்த உந்துதலுக்கு 1889-இலேயே பிரெஞ்சுத் தோல் மருத்துவர் அலோப்போ பெயர் சூட்டி எழுதியிருக்கிறார். முரடாக, வேறு மாதிரி இருக்கும் இழையைத் தேடித் தடவிப் பிடுங்குவது இதில் பலரிடமும் காணப்படுகிறது. இது கெட்ட குணமும் அல்ல, மன உறுதிக் குறைவும் அல்ல. பழக்கத்தை மாற்றும் பயிற்சி என்று ஒன்றை உளவியல் நிபுணர்கள் தருகிறார்கள். கை தலைக்குப் போகும் நேரத்தை முதலில் கவனிக்கக் கற்றுக்கொடுத்து, பிறகு அந்தக் கைக்கு வேறு வேலை கொடுப்பார்கள். உன் கையைத் தட்டிவிட்டு நான் செய்ததெல்லாம், எனக்குத் தெரியாத இடத்தில் உட்கார்ந்து எடுக்க உன்னைப் பழக்கியதுதான். அதற்காக என்னை மன்னித்துவிடு.

புனேயில் ஒரு தோல் மருத்துவரிடம் அந்த இடத்தைக் காட்டு. தைராய்டுக்கும் இரும்புச்சத்துக்கும் இரத்தப் பரிசோதனை செய்துகொள். தைராய்டு குறைந்தால் தலைமுடி முழுவதுமே உலர்ந்து முரடாகும். நம் வீட்டில் உன் சித்திக்கு அது இருக்கிறது. உளவியல் நிபுணரிடம் போகத் தயங்காதே. மாப்பிள்ளையிடம் நீயே சொல். சொல்லக் கூச்சமாக இருந்தால் இந்தக் கடிதத்தைப் படிக்கக் கொடு.

ஒரு முடி குத்துகிறது, எடுத்தே ஆக வேண்டும் என்று தோன்றும்போது, பிடுங்காமல் தோலை ஒட்டி வெட்டிவிடு. அதனால் வேருக்கு ஒன்றும் ஆகாது. மில்லில் பலகை சுற்றும்போது நூல் வெட்டுவதற்கு நான் வைத்திருந்த சின்னக் கத்தரியைச் சாணை பிடித்து, நல்லெண்ணெய்க் குப்பியோடு நாளைக்குப் பார்சலில் அனுப்புகிறேன். நீ படிக்கும் நாற்காலிக்கு அருகில், கைக்கு எட்டும் இடத்தில் வைத்துக்கொள். வந்து சேர்ந்ததும் ஒரு போன் போடு.

அன்புடன்,
அம்மா