கடிவாளமும் கண்ணும்

அன்புள்ள ஜெபராஜ்,

ஸ்தோத்திரம். உன் கடிதம் வியாழக்கிழமை வந்தது. முழங்கால் வலி குறைந்து, கைப்பிடியைப் பிடிக்காமலே படியேறுகிறாய் என்று வாசித்ததில் சந்தோஷம். இங்கே எல்லாரும் சுகம். சின்னவளுக்குப் பரீட்சை நடப்பதால் வீட்டில் டிவி ஓடவில்லை. அந்த அமைதியில்தான் இதை எழுதுகிறேன்.

வாலிபர் கூடுகையில் நான்கு ஞாயிறு ‘தேவசித்தத்தை அறிவது எப்படி’ என்று பாடம் எடுக்க வேண்டும், முதல் வாரத்துக்குக் கிதியோனின் தோலை (களத்தில் ஆட்டுத்தோலைப் போட்டு, பனியால் கர்த்தரிடம் அடையாளம் கேட்ட கதையை) வைத்திருக்கிறேன் என்று எழுதியிருக்கிறாய். கோபித்துக்கொள்ளாதே, கிதியோனில் ஆரம்பிக்க வேண்டாம். சங்கீதம் 32-ல் ஆரம்பி.

எட்டாம் வசனம் உனக்கு மனப்பாடம்: “உன்மேல் என் கண்ணை வைத்து, உனக்கு ஆலோசனை சொல்லுவேன்.” அடுத்த வசனத்தில் குதிரையும் கோவேறு கழுதையும் வருகின்றன. வாரும் கடிவாளமும் போட்டு வாயைக் கட்டினால்தான் கிட்டே வரும் மிருகங்கள் அவை. அப்படி இருக்காதே என்கிறார். எட்டாம் வசனத்தைச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டுகிற நம் ஜனங்கள் ஒன்பதை மாட்டுவதில்லை. ஆனால் இரண்டும் சேர்ந்தால்தான் பாடம். கண்ணசைவால் நடத்தப்பட வேண்டுமென்றால் அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டே பக்கத்தில் இருக்க வேண்டும். கடிவாளத்துக்கு அது தேவையில்லை, இழுத்தால் திரும்பும். சீட்டுப் போடுவதும், கண்ணை மூடி வேதத்தைத் திறந்து விரல் வைப்பதும், ‘நாளைக்குள் போன் வந்தால் உமது சித்தம்’ என்பதும் கடிவாளத்தை நாமே கேட்டு வாங்குவதுதான். அவர் பக்கத்தில் இருக்கும் சிரமம் இல்லாமல் பதில் மட்டும் வேண்டும் என்கிறோம்.

கிதியோன் கதையை நிதானமாக வாசித்துப் பார். நியாயாதிபதிகள் 6:14-ல் “போ” என்று கர்த்தர் சொல்லியாகிவிட்டது. 36-ம் வசனத்தில் கிதியோனே ‘நீர் சொன்னபடி’ என்றுதான் பேச்சைத் தொடங்குகிறான். தெரியாததைத் தெரிந்துகொள்ள அவன் தோலைப் போடவில்லை, தெரிந்ததைச் செய்யப் பயந்து போட்டான். இரண்டாம் தடவை கேட்கும்போது ‘உமக்குக் கோபம் வரவேண்டாம்’ என்று அவன் கெஞ்சுவதிலிருந்தே அது புரியும். கர்த்தர் இரங்கிப் பதில் கொடுத்தார் என்பது வேறு. அதை எல்லாருக்கும் முறையாக்க முடியாது. சீட்டும் அப்படித்தான். அப்போஸ்தலர் 1:26-ல் யூதாசின் இடத்துக்கு ஆள் எடுக்கச் சீட்டுப் போட்டார்கள், மத்தியாவுக்கு விழுந்தது. இரண்டாம் அதிகாரத்தில் ஆவியானவர் இறங்கினார். அதற்குப் பிறகு தீர்மானம் எடுக்கச் சபை சீட்டுப் போட்டதாகப் புதிய ஏற்பாட்டில் எங்கும் இல்லை.

இங்கிலாந்தில் பிரிஸ்டலில் அனாதைப் பிள்ளைகளை வளர்த்த ஜார்ஜ் முல்லரை உன் பிள்ளைகளுக்குச் சொல், ஆனால் அனாதை விடுதியிலிருந்து தொடங்காதே. மாணவனாக இருந்த காலத்தில், மிஷனரியாகப் போகலாமா என்று அறிய அவர் அரசாங்க லாட்டரிச் சீட்டு வாங்கியதைச் சொல். பரிசு விழுந்தால் தேவசித்தம் என்று வைத்துக்கொண்டார். சின்னத் தொகை விழுந்தும் விட்டது! பெர்லின் மிஷனரி சங்கத்துக்கு விண்ணப்பித்தார். தகப்பனின் சம்மதம் இல்லையென்று அவர்கள் எடுத்துக்கொள்ளவில்லை. சீட்டு ‘ஆம்’ என்றும் கதவு திறக்கவில்லை. அந்த மனுஷன்தான் பிற்காலத்தில் தேவசித்தத்தை அறிய ஒரு ஒழுங்கை எழுதிவைத்தார். அதில் சீட்டுக்கும் தோலுக்கும் இடமே இல்லை.

அவருடைய ஒழுங்கில் ஆறு படிகள். முதலாவது, அந்தக் காரியத்தில் சுயசித்தமே இல்லாத நிலைக்கு இருதயத்தைக் கொண்டுவருவது. பத்தில் ஒன்பது பங்கு சிரமம் இங்கேயே இருக்கிறது என்றார். இரண்டாவது, முடிவை உணர்ச்சிக்கு விட்டுவிடாதிருப்பது. மூன்றாவது, ஆவியானவரின் சித்தத்தை வசனத்தோடு சேர்த்துத் தேடுவது. ஒன்றைவிட்டு ஒன்றைப் பிடித்தால் ஏமாந்துபோவோம். நான்காவது சூழ்நிலைகளைக் கவனிப்பது, ஐந்தாவது ஜெபம். இவற்றால் ஒரு தெளிவான தீர்மானத்துக்கு வந்து, இன்னும் இரண்டு மூன்று தடவை ஜெபித்த பிறகும் அதே சமாதானம் நீடித்தால் இறங்கிச் செய்வது ஆறாவது. சூழ்நிலை நான்காம் இடத்தில் நிற்பதைக் கவனி. நாம் அதைத்தானே முதலில் பார்க்கிறோம்!

முதல் படிக்கே இரண்டு ஞாயிறு ஒதுக்கு. ரோமர் 12-ம் அதே வரிசைதான்: முதல் வசனத்தில் சரீரங்களை ஒப்புக்கொடுப்பது, அதன்பின் இரண்டாம் வசனத்தில் மனம் புதிதாகி, சித்தம் இன்னதென்று பகுத்தறிவது. சுயசித்தம் போய்விட்டதா என்று எப்படித் தெரியும் என்று பிள்ளைகள் கேட்பார்கள். ஒரு சோதனை இருக்கிறது. விருப்பத்துக்கு நேர் எதிரான பதில் வந்துவிட்டதாக வைத்துக்கொண்டு, அதற்காக வாய்விட்டு நன்றி சொல்லச் சொல். ‘பெங்களூர் வேலை இல்லை, இங்கேயே இரு என்கிறீர், உமக்கு ஸ்தோத்திரம்’ என்று. தொண்டை அடைத்தால் சித்தம் கேட்கும் வேளை இன்னும் வரவில்லை. இருதயத்துக்காகவே ஒரு வாரம் ஜெபிக்கட்டும். வாலிபர் வீட்டில் இது பலிப்பதும் கஷ்டம். நகை எவ்வளவு, ரொக்கம் எவ்வளவு என்று பேசி முடித்து, மண்டபத்துக்கு அட்வான்ஸும் கொடுத்துவிட்டு, பாஸ்டரிடம் வந்து ‘தேவசித்தம் அறிய ஜெபியுங்கள்’ என்பார்கள். அது கையெழுத்துக் கேட்பது. அதிலும் வரதட்சணைக்குச் சித்தம் கேட்க என்ன இருக்கிறது? வசனம் ஏற்கெனவே பதில் சொல்லிவிட்ட காரியங்களை ஜெபக்குறிப்பில் எழுதாதே என்று முதல் நாளே சொல்லிவிடு.

மற்றப் படிகள் நடைமுறையில் எப்படி ஓடும் என்பதற்கு 1845-ஐ எடுத்துக்கொள். பிரிஸ்டலில் வில்சன் தெருவில் நான்கு வாடகை வீடுகளில் பிள்ளைகளை வைத்திருந்தார் முல்லர். அக்டோபர் 30 அன்று அதே தெருக்காரர் ஒருவர் மரியாதையாக ஒரு கடிதம் எழுதினார்: பிள்ளைகள் சத்தத்தால் அக்கம்பக்கத்தாருக்குத் தொந்தரவு. முல்லர் ‘சத்துருவின் எதிர்ப்பு’ என்று கொடி பிடிக்கவில்லை, ‘கதவு அடைபட்டது’ என்று மூட்டையும் கட்டவில்லை. அவர்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறதா என்று பார்த்தார், இருந்தது. தாளை எடுத்து, இடம் மாற ஏன், இங்கேயே இருக்க ஏன் என்று இரண்டு பக்கமும் எழுதினார். விளையாட இடம் போதவில்லை, சாக்கடை வசதி சரியில்லை, பையன்கள் தோட்டவேலை செய்ய நிலம் இல்லை. இது ஒரு பக்கம். சொந்தமாக விடுதி கட்டினால் 10,000 பவுண்டாவது ஆகும்; இது மறுபக்கம். சபையில் கூட ஊழியம் செய்தவர்கள் முன் வைத்தார். பிறகு மனைவியோடு தினமும் காலையில் ஜெபம். முப்பத்தாறாம் நாள், டிசம்பர் 10, 1,000 பவுண்டு வந்தது.

எனக்கு அதைவிடப் பிடித்தது நிலம் வாங்கிய கதைதான். 1846 பிப்ரவரியில் ஆஷ்லி டவுனில் ஏழு ஏக்கர் போல ஒரு நிலம் இருப்பது தெரியவந்தது. சொந்தக்காரரின் வீட்டுக்குப் போனார், அவர் இல்லை. கடைக்குப் போனார், அப்போதுதான் கிளம்பியிருந்தார். ராத்திரி எட்டு மணிக்கு வீட்டில் இருப்பார் என்று சொல்லியும் முல்லர் போகவில்லை. இரண்டு இடத்திலும் பார்க்க முடியாமல் போனதில் கர்த்தரின் கை இருக்கலாம், தள்ளித் திறக்க வேண்டாம் என்று திரும்பிவிட்டார். மறுநாள் சொந்தக்காரர் சொன்னார்: ராத்திரி மூன்று மணிக்கு விழிப்பு வந்து ஐந்து வரை தூக்கம் இல்லை, மனதெல்லாம் இந்த நிலம், ஏக்கர் 200 பவுண்டு கேட்டதை 120-க்குத் தருகிறேன். சூழ்நிலையை வாசிப்பது என்றால் இதுதான். தீர்மானம் ஏற்கெனவே வசனத்திலும் ஜெபத்திலும் உறுதியாகியிருந்தது. வேகத்தை மட்டும் சூழ்நிலை சொன்னது. 1849 ஜூன் 18 அன்று அந்த நிலத்தில் முதல் கட்டடம் திறந்தது. கடிதம் வந்ததிலிருந்து கணக்குப் போட்டால் மூன்று வருஷமும் ஏழு மாதமும். பிள்ளைகள் இந்தக் கணக்கைக் கட்டாயம் கேட்க வேண்டும்.

முல்லர் நமக்கு அவ்வளவு தூரத்து மனுஷரும் அல்ல. அவர் மனைவியின் அண்ணன் அந்தோணி நாரிஸ் குரோவ்ஸ் இந்தியாவில் ஊழியம் செய்தவர். திருநெல்வேலியில் மிஷனரியாக இருந்த ரேனியஸ் ஐயரிடம் படித்த நம் ஜான் கிறிஸ்தியான் அருளப்பன் அந்தக் குரோவ்ஸோடு சேர்ந்து உழைத்தவர். சம்பளம் வேண்டாம் என்று விசுவாசத்தால் ஊழியம் செய்தவர். திருநெல்வேலிப் பிள்ளைகளுக்கு இதைச் சொல்லாமல் விடாதே.

சூழ்நிலையை மட்டும் நம்பினால் என்ன ஆகும் என்பதற்கு மூன்று பேர் போதும். நினிவேக்குப் போகச் சொல்லியும் யோனா ஓடிப்போக யோப்பாவுக்கு வந்தபோது தர்ஷீசுக்குக் கப்பல் ஆயத்தமாக நின்றது, கையில் கூலிக்குக் காசும் இருந்தது. எல்லாக் கதவும் திறந்திருந்தன, போன திசைதான் தப்பு. யோசுவா 9-ல் பக்கத்து ஊர்க் கிபியோனியர் தூரதேசத்தார் போல நடித்து, பூசணம் பிடித்த அப்பத்தையும் கிழிந்த துருத்தியையும் காட்டினார்கள். சாட்சி பலமாக இருந்ததால் கர்த்தரிடம் கேட்கவே தோன்றவில்லை. எங்கேதிக் குகையில், தாவீதைக் கொல்லத் தேடிய சவுல் ராஜா தானாகத் தாவீதின் கைக்கு வந்தான். கூட இருந்தவர்கள் ‘கர்த்தர் சொன்ன நாள் இதுவே’ என்று வாக்குத்தத்தத்தையே எடுத்து நீட்டினார்கள். சூழ்நிலை, வசனம், நண்பர்கள், மூன்றும் ஒரே பக்கம். தாவீதை நிறுத்தியது கர்த்தர் அபிஷேகம் பண்ணினவன்மேல் கைபோடக் கூடாது என்ற தெளிவான ஒரு கட்டளை. மூன்றாம் ஞாயிறு முழுவதும் இந்தக் குகையிலேயே இருந்தாலும் நஷ்டமில்லை.

வருஷப்பிறப்பில் எடுக்கும் வாக்குத்தத்த அட்டையைப் பற்றியும் கேட்பார்கள். திட்டாதே, நம் அம்மாமார் அதைத் தலையணைக்கடியில் வைத்துத்தான் நம்மை வளர்த்தார்கள். எரேமியா 29:11 வந்தால் பத்தாம் வசனத்தையும் சேர்த்து வாசிக்கச் சொன்னால் போதும். எழுபது வருஷம் என்று இருக்கும். பாபிலோனில் வீடு கட்டுங்கள், தோட்டம் போடுங்கள் என்று சொல்லப்பட்டவர்களுக்கு எழுதப்பட்டது அது. அடுத்த மாத இன்டர்வியூவுக்கான சீட்டு அல்ல.

‘கர்த்தர் எனக்குச் சொன்னார்’ என்று பிறர் கொண்டுவரும் வார்த்தை இன்னும் நுணுக்கமானது. அப்போஸ்தலர் 21-ல் அகபு என்ற தீர்க்கதரிசி பவுலின் கச்சையால் தன் கைகால்களைக் கட்டிக்கொண்டு சொன்னது உண்மை, எருசலேமில் கட்டுவார்கள். அதைக் கேட்டவர்கள் எடுத்த முடிவு ‘அப்படியானால் போக வேண்டாம்’. பவுல் அதே செய்தியைக் கேட்டு ‘போகிறேன்’ என்றார். செய்தி வேறு, அதிலிருந்து நாம் இறக்கும் முடிவு வேறு. கல்யாண விஷயத்தில் பெண்பிள்ளைகளை எழுந்து நிற்கச் சொல்லியாவது இதைச் சொல்: ஒரு பையன் வந்து ‘நீதான் என்று கர்த்தர் காட்டினார்’ என்றால், ‘எனக்குக் காட்டட்டும்’ என்று சொல்லிவிட்டு வரலாம். அதில் பாவம் ஒன்றும் இல்லை.

மக்கெதோனியாவுக்கு வரச்சொல்லி, துரோவா பட்டணத்தில் பவுலுக்கு வந்த தரிசனத்தையும் கவனி. கண்டது ஒருவர், ‘கர்த்தர் அழைத்தார்’ என்று நிச்சயித்துக்கொண்டது ‘நாங்கள்’. அதற்குமுன் ஆசியா வேண்டாம், பித்தினியா வேண்டாம் என்று இரண்டு தடை. இத்தனைக்கும் பிறகு பிலிப்பியில் கிடைத்தது அடியும் காவற்கிடங்கும். கஷ்டம் வந்ததால் தப்பான வழி என்று சொல்பவர்களுக்கு இது போதும்.

களைத்துப்போனவர்களிடம் தீர்மானம் கேட்காதே. சூரைச்செடியின் கீழே சாகக் கேட்ட எலியாவுக்குக் கர்த்தர் முதலில் கொடுத்தது தூக்கமும் இரண்டு தடவை சாப்பாடும். மெல்லிய சத்தம் நாற்பது நாள் கழித்து ஓரேபில்தான். வேலை போன வாரத்திலும், காதல் முறிந்த மாதத்திலும், ராத்திரி பதினொரு மணிக்குப் பிறகும் எடுத்த முடிவுகளைக் காலையில் சாப்பிட்டபின் மறுபடி பார்க்கச் சொல்.

வகுப்பில் ஆளுக்கு ஒரு 40 பக்க நோட்டு கொடு. முதல் பக்கத்தில் கேள்வி, ‘ஆம்’ ‘இல்லை’ என்று பதில் வரக்கூடிய ஒரே வாக்கியமாக. ‘என் எதிர்காலம்’ என்று எழுதினால் திருப்பிக் கொடு. அடுத்து, பதில் சொல்ல வேண்டிய கடைசித் தேதி. நடுவில் கோடு போட்டு இரண்டு பக்கக் காரணங்கள். பின் ஒவ்வொரு நாளும் வழக்கமாக வாசிக்கும் பகுதியிலிருந்து கிடைத்தது, தேதியோடு. அந்தக் கேள்விக்காகத் தேடிப் பிடித்த வசனம் வேண்டாம். மூன்று பேரிடம் ஆலோசனை: அந்தக் காரியம் தெரிந்தவர் ஒருவர், நம்மை நன்றாகத் தெரிந்தவர் ஒருவர், நாம் எதைத் தீர்மானித்தாலும் லாபநஷ்டம் இல்லாதவர் ஒருவர். மூன்றாமவர்தான் கிடைப்பது அரிது.

கடைசித் தேதி வந்தும் தெளிவு வராவிட்டால்? இதைக் கட்டாயம் கேட்பார்கள், மழுப்பாதே. 1 கொரிந்தியர் 7:39-ல் விதவை யாரை மணக்கலாம் என்று பவுல் சொல்லும்போது, கர்த்தருக்குட்பட்டவனாக இருக்க வேண்டும் என்று ஒரு வேலியைப் போட்டுவிட்டு, அதற்குள் அவளுக்கு இஷ்டமானவனை மணக்கலாம் என்று விட்டுவிடுகிறார். இரண்டு நல்ல வேலை, இரண்டு நல்ல கல்லூரி என்றால் புத்தியை உபயோகித்து ஒன்றை எடுத்துக்கொள்ளட்டும். பிறகு ‘அதுவா இதுவா’ என்று திரும்பிப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டாம்.

நோட்டுக்கான செலவைச் சபைக் கணக்கில் எழுதாதே, நான் அனுப்புகிறேன். எத்தனை பிள்ளைகள் என்று மட்டும் எழுது. மேரிக்கும் பிள்ளைகளுக்கும் எங்கள் அன்பு. பிசியோதெரபியைப் பாதியில் நிறுத்திவிடாதே.

அன்புடன்,
தேவசகாயம்