சக்கையை எறிந்துவிட்டுச் சாறு குடித்தேன்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். எடையைக் குறைக்கும் சாறுகள் பற்றிச் சென்ற இதழில் வந்த பக்கத்தைப் படித்தேன். எழுதியவர் நல்ல எண்ணத்தோடுதான் எழுதியிருக்கிறார். ஆனால் அதிலிருந்த ஒரு செய்முறையைப் பார்த்த பிறகு சும்மா இருக்க முடியவில்லை. அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன், முதலில் என் கதை.

எனக்கு வயது 53. நாள் முழுக்க உட்கார்ந்தே பார்க்கும் வங்கி வேலை. போன வருடம் 86 கிலோ இருந்தேன். மகள் கல்யாணத்துக்குத் தைத்த சட்டையில் வயிற்றுப் பக்கத்துப் பொத்தானைப் போட முடியவில்லை. மைத்துனர் பேச்சைக் கேட்டு ஒரு ஜூஸர் வாங்கினேன். காலையில் ஆப்பிள், பீட்ரூட், கேரட் போட்ட ஏபிசி ஜூஸ், மதியம் சாத்துக்குடி, ராத்திரி தர்பூசணி. வேறு எதுவும் கிடையாது. 12 நாளில் மூன்றரை கிலோ இறங்கியது. அலுவலகத்தில் தம்பட்டம் அடித்தேன். சரி, போதும் என்று சோற்றுக்குத் திரும்பினேன். ஒரே வாரத்தில் மூன்று கிலோ திரும்பி வந்துவிட்டது.

டாக்டர் சிரித்துக்கொண்டே விளக்கினார். அவசரத்துக்கு ஆகட்டும் என்று உடம்பு மாவுச்சத்தைக் கிளைக்கோஜனாக மாற்றி ஈரலிலும் தசையிலும் வைத்திருக்கும். அதில் ஒவ்வொரு கிராமோடும் சுமார் மூன்று கிராம் தண்ணீர் ஒட்டியிருக்கும். பட்டினி போட்டால் முதலில் கரைவது இந்த இருப்புதான். நான் கொண்டாடிய மூன்றரை கிலோவில் பெரும்பங்கு தண்ணீர். போதாக்குறைக்கு, சாற்றில் புரதம் என்று சொல்லிக்கொள்ள ஒன்றும் இல்லை என்பதால் கொஞ்சம் தசையும் போயிருக்கும் என்றார்.

‘சீனியே போடவில்லையே’ என்று அவரிடம் வாதாடினேன். அங்கேதான் நான் ஏமாந்தது. உலக சுகாதார நிறுவனம் 2015-இல் சர்க்கரைக்கு வரம்பு சொன்னபோது, பழச்சாற்றில் இருக்கும் சர்க்கரையையும் நாம் அள்ளிப் போடும் சீனியோடு சேர்த்துத்தான் கணக்கிட்டது. நாளுக்கு 25 கிராமுக்குள் நிறுத்திக்கொண்டால் நல்லது என்கிறது. ஒரு பெரிய டம்ளர் ஆரஞ்சுச் சாற்றிலேயே 20 கிராமுக்கு மேல் வந்துவிடும். நம் ஐதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024-இல் வெளியிட்ட கையேடும், சாற்றைவிடப் பழத்தையே கடித்துச் சாப்பிடுங்கள் என்கிறது. கரும்புச்சாறு 100 மில்லியில் 13 முதல் 15 கிராம் சர்க்கரை என்று கணக்கும் கொடுத்திருக்கிறது.

கரும்பையே எடுத்துக்கொள்ளுங்கள். பொங்கலன்று ஒரு கரும்பைக் கடித்து, மென்று, துப்பி முடிப்பதற்குள் தாடை கழன்றுவிடும். அதற்குமேல் ‘இன்னொன்று கொடு’ என்று யார் கேட்கிறார்கள்? அதே கரும்பு கடையில் டம்ளரில் வந்தால் இரண்டு மடக்கு. 1977-இல் இங்கிலாந்தில் பத்துப் பேருக்கு ஆப்பிளை முழுசாகவும், மசித்தும், சாறாகவும் கொடுத்துப் பார்த்திருக்கிறார்கள். பழத்தைவிடப் பதினோரு மடங்கு வேகத்தில் சாறு உள்ளே போயிருக்கிறது, வயிறு நிறைந்த உணர்வோ குறைவாக இருந்திருக்கிறது. மதியம் மூன்று சாத்துக்குடியைப் பிழிந்து குடித்துவிட்டு நாலு மணிக்கு நான் பசியில் பல்லைக் கடித்ததற்குக் காரணம் அப்போதுதான் புரிந்தது. பசியைத் தாங்கும் நார்ச்சத்தெல்லாம் ஜூஸரின் பின்பக்க டப்பாவில் கிடந்தது. வீட்டுக்காரிதான் மனசு கேட்காமல் அந்தக் கேரட் சக்கையை அடைமாவில் கலந்து சுட்டார். அதை அவர் சாப்பிட, நான் வேடிக்கை பார்த்தேன்!

நல்லதே இல்லையா என்றால், இருந்தது. அந்த 12 நாளும் நாலு வேளைச் சீனிக் காபியும் கேன்டீன் வடையும் நின்றன. காய் என்றாலே முகம் சுளிக்கும் நான் பீட்ரூட்டுக்குப் பழகிவிட்டேன், இப்போது பொரியலாகவே சாப்பிடுகிறேன். எலுமிச்சையும் உப்பும் போட்ட மோர், வெண்பூசணிச் சாறு போன்றவற்றோடு எனக்குச் சண்டை இல்லை. வெண்பூசணி ஏறக்குறைய முழுக்கத் தண்ணீர்தான். பூங்கா வாசலில் அருகம்புல் சாறு குடிப்பவர்கள் மெலிகிறார்கள் என்றால், அது புல்லாலா அதற்கு முன் சுற்றிய ஐந்து சுற்றாலா என்று மட்டும் யோசிக்க வேண்டும்.

இப்போது அந்தச் செய்முறை. சுரைக்காயையும் பாகற்காயையும் பச்சையாக அரைத்து வெறும் வயிற்றில் குடிக்கச் சொல்லியிருக்கிறீர்கள். சில சுரைக்காய்களில் குக்கர்பிட்டாசின் என்ற கசப்பு நச்சு அதிகமாகிவிடும். வாந்தி, ரத்த வாந்தி, ரத்த அழுத்தம் சரிவது என்று போகும். இதற்கென்று மாற்று மருந்து கிடையாது. 2010-இல் டெல்லியில் கசந்த சுரைக்காய்ச் சாறு குடித்த ஒருவர் இறந்தே போனார். அதன்பின் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் நிபுணர் குழு, ஒரு துண்டை நாக்கில் வைத்துப் பார்த்து, கசந்தால் எறிந்துவிடுங்கள், வேறு காயின் சாற்றோடு கலக்காதீர்கள் என்று சொன்னது. பாகற்காயைக் கலந்தால் எந்தக் கசப்பு எதனுடையது என்று எப்படித் தெரியும்?

சர்க்கரைக்கு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள் சாப்பாட்டை விட்டுவிட்டுச் சாற்றில் இருந்தால் சர்க்கரை திடீரென்று இறங்கி மயங்கி விழலாம். சிறுநீரகம் பழுதானவர்களுக்குக் காய்கனிச் சாற்றிலுள்ள பொட்டாசியம் ரத்தத்தில் தேங்கி இதயத்தையே நிறுத்திவிடக்கூடும். இவர்களுக்காக அந்தப் பக்கத்தில் ஒரு வரிகூட இல்லை.

இந்த எச்சரிக்கைகளை அடுத்த இதழில் பெட்டிச் செய்தியாகவாவது போடுங்கள். எங்கள் தெருவில் இரண்டு வீட்டில் அந்தப் பக்கத்தைக் கத்தரித்து ஃபிரிட்ஜில் ஒட்டியிருக்கிறார்கள். அதில் ஒரு வீட்டுப் பெரியவர் வாரம் மூன்று நாள் டயாலிசிஸுக்குப் போகிறார். நான் சொல்லிப் பார்த்துவிட்டேன். ‘புத்தகத்திலேயே போட்டிருக்கிறதே தம்பி’ என்கிறார்.

இப்படிக்கு,
உங்கள் நெடுநாள் வாசகர்,
திருச்சி.